கேவ், கேவர்ன்: எங்கே எது?

கேவ் (cave), கேவர்ன் (cavern), தமிழில் இரண்டையும் குகை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கை தடுமாறும். இயற்கையாக உண்டான குகையா? எந்தச் சொல் என்று சந்தேகம் இருந்தால் 'கேவ்' போடுங்கள். கேவர்ன் எல்லாவற்றையும் கேவ் எனலாம். கேவ் எல்லாவற்றையும் கேவர்ன் எனக்கூடாது.

ஆள் நுழையும் அளவு இருந்தாலே கேவ். கடலலை குடைந்ததும் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்ததும் வழக்கில் கேவ்தான். கேவர்ன் என்றாலோ கேட்பவர் மனதில் நிலத்தடியில் விரிந்த ஒரு கூடம் எழ வேண்டும். சுண்ணாம்புப் பாறை நீரில் கரைந்து கரைந்து உண்டாகும் பெருவெளிக்கு இந்தச் சொல் கச்சிதம். 'குறுகலான கேவ் வழியே தவழ்ந்து போனோம், அது ஒரு கேவர்னில் போய்த் திறந்தது' என்று எழுதிப் பாருங்கள். சொற்களை இடம் மாற்றினால் வாக்கியம் உடனே இடறும்.

பெரிதாக இருந்தாலே கேவர்ன் என்று நினைத்துப் பெயர்களைத் திருத்திவிடாதீர்கள். 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கென்டக்கியின் மாமத் கேவ், பிரம்மாண்டமான கூடம் கொண்ட வியட்நாமின் சன் டூங், இரண்டும் கேவ்தான். நியூ மெக்சிகோவில் உள்ளதோ கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ், பன்மையில். பெயர் எப்படியோ அப்படியே எழுதுங்கள்.

'சந்தேகமா, கேவ் போடு' என்ற விதி இரண்டு துறைகளில் காலை வாரும். முதலாவது பொறியியல். மனிதர் பாறையைக் குடைந்து அமைத்த பெருங்கூடம் கேவர்ன். கச்சா எண்ணெய்க் கிடங்கானாலும், நீர்மின் நிலைய இயந்திரக் கூடமானாலும் இதே சொல்தான். நார்வேயின் யோவிக் நகரில் 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கிக்காக மலைக்குள் குடைந்த 61 மீட்டர் அகல அரங்கும் கேவர்ன்தான். அதைக் கேவ் என்று எழுதினால் பொறியாளர் சிரிப்பார்.

இரண்டாவது ஸ்கூபா டைவிங், அதாவது மூச்சுக் கருவியோடு நீருக்குள் மூழ்குவது. இங்கே குகையின் அளவைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். வாசலின் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் வரை கேவர்ன். அதைத் தாண்டினால் கேவ். பயிற்சி முறைகளில் கேவர்ன் டைவுக்கு, ஆழத்தையும் சேர்த்து, நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தூரம் வரையே எல்லை வைப்பது வழக்கம். கேவர்ன் பயிற்சி முடித்தவருக்குக் கேவுக்குள் போகத் தகுதி இல்லை. இதை மாற்றி மொழிபெயர்த்தால் அது வெறும் எழுத்துப் பிழையோடு போகாது.

சொற்றொடர்களில் குழப்பம் குறைவு. மண் சரிந்தாலும், ஒருவர் நெருக்கடிக்குப் பணிந்தாலும் 'கேவ் இன்'. குரலோ கட்டடமோ ஆழ்ந்து அகன்றிருந்தால் 'கேவர்னஸ்'. உச்சரிப்பில் கேவர்னின் முதல் ஒலி 'கேப்டன்' என்பதில் வருவது. கேவ் 'கெய்வ்' என்று இழுபடும்.

தமிழாக்கத்தில் கேவர்னுக்குக் 'குகைக்கூடம்' பொருந்தும், பொறியியலில் 'நிலத்தடிப் பாறைக்கூடம்'. 'பிலம்' அழகான சொல்தான், ஆனால் புராண வாசம் வீசும். எண்ணெய்க் கிடங்குக்கு ஒட்டாது.