ஊழலுக்குப் பின்னால் இருக்கும் பண்பாட்டை ஆராய்வது எப்படி?

ஓர் அலுவலகத்திலோ நாட்டிலோ ஊழல் ஏன் இவ்வளவு சகஜமாகிவிட்டது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் வரும். 'அவர்கள் குணமே அப்படி' என்பது ஒன்று. 'சட்டத்தில் ஓட்டை, தண்டனையும் கிடையாது, அவ்வளவுதான்' என்பது மற்றொன்று. முதல் விடை ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு விசாரணையை முடித்துக்கொள்கிறது. இரண்டாவது விடையோ, ஒரே சட்டத்தின்கீழ் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் கைநீட்டுவதும் மற்றவர் மறுப்பதும் ஏன் என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, மனப்பாங்குகளும் விழுமியங்களும் ஊழலை எப்படி வடிவமைக்கின்றன என்பதை முறையாக ஆராய விரும்பும் மாணவர், இதழாளர், தணிக்கையாளர், நிறுவன நிர்வாகி ஆகியோருக்கான வழிமுறை இது.

தொடங்குமுன் ஓர் ஆய்வை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. நியூயார்க்கில் பணியாற்றும் ஐக்கிய நாடுகள் சபைத் தூதர்கள், தூதரக விலக்குரிமை காரணமாக, தவறான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கான அபராதத்தைக் கட்டாமல் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலை 2002 வரை இருந்தது. 1997 இறுதி முதல் 2002 வரை கட்டப்படாமல் கிடந்த அபராதச் சீட்டுகள் 1,50,000-க்கும் மேல், தொகை 1.8 கோடி டாலருக்கும் அதிகம். பொருளியலாளர்கள் ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகுவலும் இப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஊழல் மிகுந்ததாகக் கருதப்படும் நாடுகளிலிருந்து வந்த தூதர்களே பொதுவாக அதிகச் சீட்டுகளைக் கட்டாமல் விட்டிருந்தது தெரிந்தது. நார்வே, சுவீடன், ஜப்பான் தூதர்களின் பெயரில் பாக்கியே இல்லை. பண்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் கொலம்பியாவுக்கும் பாக்கி இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியமாக, 2002-இன் பிற்பகுதியில் தூதரக எண்பலகைகளைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தவுடன் கட்டப்படாத சீட்டுகள் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கமும் உண்மை. விதி இறுகியதும் அது அடங்கியதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர விளக்க முடியாத எந்த முடிவையும் எழுதாதிருப்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

'ஊழல்' என்பது ஆராய்வதற்கு மிகப் பெரிய சொல். வரிசையில் நிற்காமல் வேலையை முடிக்கக் கொடுக்கும் பணம், உறவினருக்குப் பதவி வாங்கித் தரும் சிபாரிசு, பொதுப்பணத்தைச் சுருட்டுதல், ஒப்பந்தத்தில் பங்கு கேட்டல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கும் மனநிலை வேறு. சிபாரிசு செய்பவர் தம்மை நல்லவர் என்றே நம்புகிறார். பணத்தைச் சுருட்டுபவர் பெரும்பாலும் அப்படி நம்புவதில்லை. எனவே 'இந்த அலுவலகத்தில் உரிமம் புதுப்பிக்க வருபவர்கள் ஏன் பணம் கொடுக்கிறார்கள்?' என்ற அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள். யார் யாருக்கு, எந்தக் கட்டத்தில், யார் வழியாகக் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட முடிந்தால் கேள்வி போதிய அளவு சிறியது.

மோதும் கடமைகளைக் கண்டுபிடியுங்கள்

ஆய்வின் மையப் பகுதி இதுதான். இங்கே அவசரப்படக் கூடாது. ஊழலை வளர்க்கும் விழுமியங்கள் கெட்ட விழுமியங்களாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. நன்றியுணர்வு, உறவுக்குக் கைகொடுத்தல், மூத்தோருக்குப் பணிதல், விருந்தோம்பல் என எல்லாச் சமூகமும் போற்றும் நற்பண்புகளே, ஒருவர் பொதுப்பொறுப்பில் அமர்ந்தபின் வேறு வேலை செய்யத் தொடங்குகின்றன. தம்பிக்கு வேலை வாங்கித் தராத அதிகாரியை அலுவலக விதி பாராட்டும், வீடு மன்னிக்காது. அவர் நேர்மைக்கும் நேர்மையின்மைக்கும் இடையில் அல்ல, ஒரு கடமைக்கும் இன்னொரு கடமைக்கும் இடையில் சிக்கியிருக்கிறார்.

இந்த மோதலை அளக்கச் சமூகவியலாளர்கள் சாமுவேல் ஸ்டூஃபரும் ஜாக்சன் டோபியும் 1951-இல் பயன்படுத்திய கேள்வி இன்றும் உதவும். நண்பர் ஓட்டும் காரில் நீங்கள் இருக்கிறீர்கள். மணிக்கு 20 மைல் வேக வரம்புள்ள இடத்தில் அவர் 35 மைல் வேகத்தில் வந்து ஒரு பாதசாரிமீது மோதிவிடுகிறார். வேறு சாட்சி இல்லை. 20 மைல் வேகத்தில்தான் வந்தார் என்று நீங்கள் சொன்னால் அவர் பெரும் சிக்கலிலிருந்து தப்பிவிடுவார் என்கிறார் வழக்கறிஞர். நீங்கள் அப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க நண்பருக்கு உரிமை உண்டா? நீங்கள் சொல்வீர்களா? அடுத்து, பாதசாரிக்குப் பலத்த காயம் என்று மாற்றிக் கேளுங்கள். விதியை முதலாவதாக வைப்பவர், இனி உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்பார். உறவை முதலாவதாக வைப்பவரோ, இப்போதுதான் நண்பனுக்கு என் துணை அதிகம் தேவை என்பார். இருவரும் ஒழுக்கத்தின் பெயரால்தான் பேசுகிறார்கள் என்பது இதை நடத்திப் பார்க்கும்போது நன்றாகவே உறைக்கும். இதே பாணியில், நீங்கள் தேர்ந்தெடுத்த செயலுக்கு ஏற்ற நான்கைந்து குறுங்கதைகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள்: கேட்பவர் அந்நியரா, சகோதரரா, முன்பு உதவியவரா, மேலதிகாரியா? விடை எந்த இடத்தில் புரள்கிறதோ அங்கேதான் அச்சமூகத்தின் வலுவான கடமை இருக்கிறது.

மேலதிகாரி என்ற விவரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு கொள்முதல் கோப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று நிறுவனங்கள், மூன்று முத்திரைகள், ஆனால் மூன்றிலும் 'விநியோகம்' என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. கணக்கர் அதைப் பார்த்துவிடுகிறார். மேலதிகாரி சொன்னதெல்லாம் 'தெரிந்தவர்தான், பார்த்து முடித்துக் கொடுங்கள்' என்ற ஒரே வரி. எழுத்தில் எதுவும் இல்லை. கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று கருதப்படும் இடத்தில், கணக்கர் வாங்காத பணத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறார். பேராசை இங்கே ஒருவரிடம்தான். ஊழல் நடப்பதற்கோ இருவரும் தேவைப்பட்டார்கள். அதிகார இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதைச் சமூக உளவியலாளர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளிலிருந்து நாடுவாரியாக மதிப்பிட்டார். அந்த எண்கள் நாட்டின் சராசரியையே காட்டுகின்றன. உங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியைப் பற்றி அவற்றிடம் கேட்காதீர்கள்.

அன்பளிப்பையும் கையூட்டையும் பிரிப்பது எல்லா இடத்திலும் வழக்கிடும் விஷயம். வெளிப்படையாகக் கொடுக்க முடியுமா, பதவி போனபிறகும் அந்தப் பொருள் வருமா என்ற இரு சோதனைகள் பரவலாகச் சொல்லப்படுபவை. நான் அதிகம் நம்புவது மூன்றாவது ஒன்றை: பெற்றவர் கைம்மாறாகத் தருவது யாருடைய பொருள்? சொந்தப் பொருளைத் திருப்பித் தந்தால் அது உறவு. பொதுமக்களுக்குச் சேரவேண்டியதை எடுத்துத் தந்தால் எவ்வளவு அன்போடு நடந்தாலும் அது கையூட்டு.

மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள்

நீங்கள் இதைச் செய்வீர்களா, மற்றவர்கள் செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா, நீங்கள் செய்யாவிட்டால் மற்றவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள். சமூக நெறிகளை ஆராய்ந்த தத்துவவியலாளர் கிறிஸ்டினா பிக்கியெரி இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறார். மூன்றையும் ஒரே கேள்வியில் குழைத்துவிட்டால், ஒவ்வொருவரும் உள்ளூர வெறுத்துக்கொண்டே, மற்ற அனைவரும் விரும்புவதாக நினைத்து இணங்கிப் போகும் நிலையை நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள். அந்த நிலை இருந்தால் அது நல்ல செய்தி. அங்கே மாற்றவேண்டியது விழுமியத்தை அல்ல, பிறரைப் பற்றிய தவறான கணிப்பை மட்டுமே.

முதல் கேள்விக்கு நேரடியாக உண்மை வராது. அதற்கு ஸ்டான்லி வார்னர் 1965-இல் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் ஒன்று கைகொடுக்கும். பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்' என்கிறார், பூ விழுந்தால் உண்மையைச் சொல்கிறார். 200 பேரில் 130 பேர் 'ஆம்' என்றால், ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். எஞ்சிய 100 பேரில் 30 பேரின் 'ஆம்' உண்மையானது. எந்தத் தனிமனிதரும் மாட்டிக்கொள்வதில்லை. சிறு குழுவில் இதை நடத்தாதீர்கள். நாணயத்தின் தற்செயலே கணக்கைக் கெடுத்துவிடும்.

சாக்குகளைத் தொகுத்து வையுங்கள்

மக்கள் சொல்லும் நியாயங்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்பது பதவியைச் சொந்த வருமானமாகப் பார்க்கும் நியாயம். 'எல்லாரும்தானே வாங்குகிறார்கள்' என்பது எண்ணிக்கையில் ஒளிந்துகொள்வது. 'எனக்காகவா கேட்டேன், மேலே கொடுக்க வேண்டாமா' என்பது பொறுப்பை மாடிப்படியில் ஏற்றிவிடுவது. எந்தச் சாக்கு கூச்சமில்லாமல் உரக்கச் சொல்லப்படுகிறது, எது குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். இப்படித் தொகுக்கும்போது, தங்கள் ஊர்ச் சிபாரிசுப் பழக்கம் உலகில் வேறெங்கும் இல்லாதது என்று ஒவ்வொரு நாட்டினரும் நம்புவதைக் காண்பீர்கள். ரஷ்யாவின் 'பிளாத்', சீனாவின் 'குவான்ஷி', அரபு நாடுகளின் 'வாஸ்தா' எல்லாம், வேலையை முடிக்க அறிமுகமானவரைத் தேடுவதில்தான் ஒன்றுபடுகின்றன.

அமைப்பின் பங்கைக் கழித்துப் பாருங்கள்

பண்பாடு என்று நீங்கள் பதிவு செய்ததில் எவ்வளவு பகுதி வெறும் ஏற்பாட்டின் விளைவு? பொருளியலாளர் ராபர்ட் கிளிட்கார்ட் 1988-இல் தந்த சூத்திரம் நல்ல சல்லடை: ஏகபோகமும் தன்விருப்ப அதிகாரமும் கூடி, பொறுப்புக்கூறல் குறையும் இடத்தில் ஊழல் விளைகிறது. ஒரே ஒரு மேசையில் ஒரே ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்து உரிமம் கிடைக்கும் என்றால், எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவரும் அந்த மேசைமுன் பணிவாகத்தான் நிற்பார். அரசியல் அறிஞர் எட்வர்ட் பான்ஃபீல்ட் 1950-களில் தெற்கு இத்தாலியின் கியாரொமோன்தே என்ற ஊரில் தங்கி, தன் குடும்பத்தின் உடனடி நலனைத் தவிர வேறெதையும் கருதாத மனப்பாங்கே பொதுக்காரியங்களைக் கெடுக்கிறது என்று எழுதியபோது எழுந்த கடும் விமர்சனம் இதைப் பற்றியதுதான்: அந்த மக்களின் வறுமையும் நில உடைமையும் அவர்களை அப்படி நடக்க வைத்தன, அவர் விளைவைக் காரணமாக எழுதிவிட்டார் என்றார்கள்.

அமைப்பே காலப்போக்கில் பண்பாடாக உறைவதும் உண்டு. மத்திய ஐரோப்பாவில் 1918-இல் சிதைந்த ஹாப்ஸ்பர்க் பேரரசின் பழைய எல்லை இன்றைய சில நாடுகளின் நடுவே ஓடுகிறது. அக்கோட்டின் இரு பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள், பேரரசுக்குள் இருந்த பக்கத்தில் நீதிமன்றத்தின்மீதும் காவல்துறையின்மீதும் நம்பிக்கை கூடுதலாகவும் கையூட்டு குறைவாகவும் இருப்பதைக் கண்டனர். மறுபுறம், பழக்கம் மாறவே மாறாது என்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. பிரிட்டன் தன் படை அதிகாரிப் பதவிகளைக் காசுக்கு விற்று வாங்கும் முறையை 1871-இல்தான் ஒழித்தது. ஹாங்காங்கில் 1974-இல் ஊழல் ஒழிப்புக்கெனத் தனி ஆணையம் வந்தபோது அது விசாரணை, தடுப்பு, மக்கள் தொடர்பு என்ற மூன்று பிரிவுகளோடு வந்தது. 1977-இல் காவலர்கள் கொந்தளித்து ஆணைய அலுவலகத்தையே தாக்க, பழைய குற்றங்கள் பலவற்றைக் கிளறுவதில்லை என்று அரசு இறங்கிவர நேர்ந்தது. அந்தச் சமரசம் எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் கூட்டமாகச் செய்த தவற்றிலிருந்து கூட்டமாக வெளியேற ஒரு வாசல் தேவைப்பட்டது.

கண்டறிந்ததை வெளியிடும்போது

'ஊழல் எங்கும் பரவிவிட்டது' என்ற சுவரொட்டியை மட்டும் ஒட்டாதீர்கள். கோஸ்டா ரிகாவில் நடந்த ஆய்வில், ஊழல் கூடிவருகிறது என்ற தகவலைக் கேட்டவர்கள் காவலருக்குக் கையூட்டு கொடுக்க அதிகம் முன்வந்தனர். நைஜீரியாவின் லாகோஸ் நகரில், ஊழல் எதிர்ப்புச் செய்திகளே சிலரைக் கையூட்டின் பக்கம் தள்ளியதாகத் தெரிந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்ற எண்ணத்தை அவை உறுதிசெய்துவிட்டன. தென்னாப்பிரிக்காவின் மங்குசியில் கையூட்டு குறைந்துவருகிறது என்ற சுவரொட்டியை ஒட்டியபோது, கையூட்டுச் சூழலைப் போல அமைத்து அங்கு நடத்திய விளையாட்டுச் சோதனையில் கையூட்டும் குறைந்தது. மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கான விடை உண்மை நிலையைவிட மோசமாக இருந்தால் அந்த இடைவெளியை வெளியிடுங்கள். இல்லாத இடைவெளியை இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

அறிக்கையில் 'இச்சமூகம் ஊழலைச் சகிக்கும் பண்பாடு கொண்டது' என்ற வாக்கியம் இடம்பெறக் கூடாது. அதை யாராலும் சரிபார்க்கவும் முடியாது, அதைக்கொண்டு எதையும் செய்யவும் முடியாது. 'உரிமம் புதுப்பிக்கும் மேசையில், அந்நியரிடம் பணம் வாங்குவதைத் தவறென்று சொல்லும் ஊழியர்களே, முன்பு உதவியவரின் கோப்பை வரிசை மீறி நகர்த்துவதை நன்றிக்கடன் என்கிறார்கள். கோப்பு எண்ணை வரிசைப்படி வெளியில் ஒட்டினால் அவர்களுக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கும்' என்பது போல எழுதுங்கள். அந்தக் கோப்பு எண் பட்டியலை ஒட்டி ஓராண்டு ஆனபின், குறுங்கதைகளில் ஒரு சொல்லையும் மாற்றாமல், அதே கேள்விகளை அதே மேசைகளில் மீண்டும் கேளுங்கள்.