டேபிள் டென்னிஸ் பேட்ல ரப்பர் ஒட்டுறது

பழைய ரப்பர உரிச்சதும் கட்டையில ஒட்டியிருக்கிற பசைய விரலால உருட்டி உருட்டி எடுத்துடுங்க, மர நார் கூடவே வந்துடாம மெதுவா. புதுசா தடவுற பசை தண்ணி அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) பசையா இருக்கணும், ஸ்பீடு குளூவ, அதாவது பந்து வேகமா போறதுக்காகப் போடுற கரைப்பான் கலந்த பசைய, 2008லயே போட்டிகள்ல தடை பண்ணிட்டாங்க. புது ரப்பரோட அடியில இருக்கிற ஸ்பாஞ்சு மேலயும் கட்டை மேலயும் மெல்லிசா தடவிட்டு வெள்ளை நிறம் போய் கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் காத்திருங்க, இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டு கெடுக்குறாங்க, ஈரமா ஒட்டுனா பபிள் வரும். கைப்பிடி பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு, ரப்பர இழுக்காம, உருளையோ பாட்டிலோ வச்சு மேல நோக்கி உருட்டுங்க. லோகோ கைப்பிடி பக்கம் தெரியணும். அப்புறம் கனமான புக்கு அடியில கொஞ்ச நேரம் வச்சுட்டு, ஓரத்த புது பிளேடால ஒரே இழுப்பா வெட்டிடுங்க.