வந்த புதிதில் மளிகைச் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

புது நாட்டில் வாடகையை உடனே குறைக்க முடியாது. பஸ், ரயில் கட்டணமும் அப்படித்தான். முதல் மாதத்திலிருந்தே நம் கையில் இருக்கிற பெரிய செலவு மளிகை ஒன்றுதான். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் இதைப் பற்றி முதலில் பேசுகிறேன்.

எடுத்த பொருளையெல்லாம் ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே கொள்ளை விலையாகத்தான் தெரியும். எது உண்மையில் விலை கூடுதல், எது நியாயம் என்று பிடிபடாது. அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்குப் பாலையும் பழத்தையும் குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வரும் சம்பளமும் அந்த நாட்டுப் பணம்தானே? ஒப்பிட வேண்டியது இந்தப் பொட்டலத்தையும் பக்கத்துப் பொட்டலத்தையும், இந்தக் கடையையும் அடுத்த கடையையும்.

அதற்கு அலமாரி விளிம்பில் இருக்கும் விலைச் சீட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெரிய எழுத்தில் பொட்டலத்தின் விலை இருக்கும். அதன் ஓரத்தில், பொடி எழுத்தில், கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 1998இலேயே விதி கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு 2009 முதல் கட்டாயம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். கணக்குக்குச் சொல்கிறேன்: 400 கிராம் பொட்டலத்தின் விலை 3, ஒரு கிலோ பொட்டலத்தின் விலை 8 என்று வையுங்கள். பெரியதுதான் லாபம் என்று கை தானாகப் போகும். ஆனால் சின்னதை கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஏழரைதான் வருகிறது. சில சமயம் ஒரு சீட்டில் 100 கிராம் விலையும் பக்கத்துச் சீட்டில் கிலோ விலையும் இருக்கும், பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பவுண்டு எடையில் விற்கும் நாடு என்றால் ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். சீட்டில் ஒன்றும் போடாத கடையில் போனை எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டியதுதான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் சரக்கு விளம்பரம் செய்யும் கம்பெனிச் சரக்கைவிடப் பெரும்பாலும் மலிவு. உப்பு, சர்க்கரை, மாவு, எண்ணெய் போன்றவற்றில் தயங்காமல் அதையே எடுங்கள். அதை அநேகமாகக் கீழ்த்தட்டில்தான் அடுக்கியிருப்பார்கள். கண் மட்டத்தில் இருப்பது கடைக்காரர் விற்க விரும்புகிற சரக்கு.

மலிவாக வாங்கியதைக் குப்பையில் போட்டால் என்ன பயன்? பணம் அதிகம் கசிவது இந்த இடத்தில்தான். கடைக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, அந்த வாரம் என்ன சமைப்பது என்று பேசிவிட்டுப் பட்டியல் எழுதுங்கள். பொட்டலத்தில் இருக்கும் தேதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அதற்குள் சாப்பிட்டால் ருசியும் தரமும் குறையாது என்பது. அரிசி, பிஸ்கட் போன்றவற்றில் இருக்கும். அந்தத் தேதி தாண்டியும் பொருள் நன்றாக இருந்தால் வீச வேண்டாம். மற்றது, அதற்குப் பிறகு சாப்பிடவே கூடாது என்பது. பச்சை இறைச்சி, மீன் போன்றவற்றில் வரும். அதில் விளையாடக் கூடாது. உங்கள் நாட்டில் இந்த இரண்டையும் எந்தச் சொற்களில் அச்சிடுகிறார்கள் என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேதி நெருங்கிய பொருட்களுக்குப் பல கடைகளில் விலையைக் குறைத்து வேறு நிறச் சீட்டு ஒட்டுவார்கள். ஒட்டும் நேரம் கடைக்குக் கடை மாறும். வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இறைச்சியை அப்படி வாங்கினால் அன்றைக்கே ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த காய்கறியைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகப் போவதில்லை, அழுகியும் வீணாகாது. பருவம் இல்லாத நாளில் விலையும் கட்டுப்படியாகும்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க வேண்டியதில்லை. நம் சமையல் சாமான்களுக்கு நம்மவர் கடை, பால் முட்டைக்கு வேறு கடை என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நாலு கடை ஏறி இறங்கும் போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேருங்கள். பெரிய மூட்டை மலிவாகக் கிடைத்தால் பக்கத்துக் குடும்பத்தோடு பாதியாகப் பிரிக்கலாம்.

அப்புறம், சில கடைகளில் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் குறைந்த விலை. அட்டை இலவசம் என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிச் சேர வேண்டிய இடத்தில் மட்டும், வருடத்துக்கு அதனால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பில்லைக் கடை வாசலிலேயே ஒரு முறை பாருங்கள். தள்ளுபடி விழாமல் போயிருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு அலைவதைவிட அங்கேயே வாடிக்கையாளர் சேவை மேசையில் கேட்டுத் திரும்ப வாங்குவது சுலபம்.