பழைய பாணி ஆர்பிஜி கேம்களைப் பாதியில் கைவிடாமல் விளையாடுவது எப்படி

பிக்சல் பிக்சலாக வரைந்த ஒரு சின்ன ஊர், நடுவில் ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு விடுதி, வாசலில் நிற்கும் ஒரு கிழவர். இதைப் பார்த்ததும் மனசு இளகி, ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் பயணம் செய்யும் அந்த ஆர்பிஜி கேமை வாங்கிவிடுவோம். முதல் ஐந்து மணி நேரம் நேரம் போவதே தெரியாது. பன்னிரண்டாவது மணி நேரத்தில் குகைக்குள் நாலடி வைத்தால் ஒரு சண்டை, இன்னும் நாலடி வைத்தால் அதே வௌவால்களோடு இன்னொரு சண்டை என்று இழுத்துக்கொண்டே போக, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைப்போம், அந்த நாளை வரவே வராது. என்னிடமும் அப்படி நின்றுபோனவை நிறைய இருந்தன. தேர்ந்தெடுக்கும் விதத்தையும் விளையாடும் விதத்தையும் மாற்றிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது அழகு, எது தொல்லை

பழைய கேம்களில் இருந்த எல்லாமே ஆசைப்பட்டு வைத்தவை இல்லை, பாதி வேறு வழியில்லாமல் வந்தவை. 1986-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்த முதல் டிராகன் குவெஸ்ட் மொத்தமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஜப்பானில் வந்த அந்தப் பதிப்பில் நாயகன் எந்தத் திசையில் நடந்தாலும் முகம் நம்மைப் பார்த்தபடியேதான் இருக்கும், ஏனென்றால் அவன் திரும்பும் படங்களே அதில் கிடையாது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மெனுவைத் திறந்து எந்தத் திசை என்று சொல்ல வேண்டும். சேவ் வசதியும் இல்லை. ராஜாவிடம் போனால் 20 எழுத்துள்ள ஒரு மந்திரம் சொல்வார், அதைத் தாளில் எழுதி வைத்து அடுத்த நாள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது! 1988-ல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் கார்ட்ரிட்ஜுக்குள் பேட்டரி வைத்து சேவ் செய்ய வழி செய்தார்கள்.

அந்த நெருக்கடியிலிருந்து பிறந்த அழகும் உண்டு, அதுதான் நம்மை இன்றும் இழுப்பது. 16-க்கு 16 பிக்சல் கட்டத்துக்குள் ஒரு மனிதனை வரைந்தால் கண் இரண்டு புள்ளி, வாயே இருக்காது. அவன் தலையைக் குனிந்தால் துக்கம், ஒரு துள்ளு துள்ளினால் ஆச்சரியம், மிச்சத்தை நாமே மனசுக்குள் வரைந்துகொள்கிறோம். 1994-ல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 6-ல் ஒரு ஓபரா காட்சி வரும். பாட உண்மையான குரல் கிடையாது, ஒலிச் சிப்பே குரல் மாதிரி ஒன்றை எழுப்பும், பாட்டு வரிகள் திரையில் ஓடும். குட்டிப் பொம்மை ஒன்று மேடையில் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான், ஆனாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அது ஓடிய சூப்பர் ஃபேமிகாம் கன்சோலில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளுக்குத்தான் இடம் என்பதால் மெட்டே எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது, அந்த இசை இத்தனை வருடம் கழித்தும் முணுமுணுக்க வருவதற்கு அது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

மாறி மாறி அடிக்கும் சண்டைமுறையும் அப்படித்தான். நீங்கள் முடிவெடுக்கும் வரை பெரும்பாலானவற்றில் எதிரி காத்திருப்பான். நடுவில் போன் வந்தால் பேசிவிட்டு வரலாம், அடுப்பில் பால் பொங்கினால் இறக்கிவிட்டு வரலாம். கை வேகம் குறைந்தவர்களுக்கும், நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவர்களுக்கும் இதைவிடத் தோதான வகை இல்லை.

தொல்லை என்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் நடக்க நடக்கப் பாய்வது, லெவல் (நாயகனின் பலம்) ஏற்ற ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அடிப்பது, சேவ் செய்யும் இடம் எங்கோ இருப்பது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லாதது. அந்தக் காலத்திலேயே இவற்றைச் சரிசெய்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1994-ல் ஜப்பானில் வந்து அடுத்த வருடம் அமெரிக்காவுக்குப் போன எர்த்பவுண்டில் எதிரிகள் கண்ணெதிரே நடமாடுவார்கள், உங்களைவிட மிகவும் பலவீனமானவன் மோதினால் சண்டைத் திரையே திறக்காமல் வெற்றி என்று சொல்லிவிடும். 1995-ல் வந்த க்ரோனோ ட்ரிக்கரில் நின்ற இடத்திலேயே சண்டை தொடங்கி அங்கேயே முடியும். ஆக, பழைய பாணி என்ற பெயரில் ஒரு புதிய கேம் 1995-லேயே தீர்ந்துபோன தொல்லையைத் திரும்பக் கொண்டுவந்தால் நான் அதற்குச் சலுகை தருவதில்லை, நீங்களும் தராதீர்கள்.

எதில் தொடங்குவது

வாங்குவதற்கு முன் ட்ரெய்லர் பார்க்காதீர்கள், அதில் அழகு மட்டும்தான் இருக்கும். யாராவது விளையாடிப் போட்ட வீடியோவில், கதை கெட்டுப்போகாத அளவுக்கு, நடுப்பகுதியிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை சண்டை வருகிறது, ஒரு சாதாரணச் சண்டை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, மெனுவில் எத்தனை தடவை போய்வர வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த வேகத்தோடு நாற்பது மணி நேரம் குடித்தனம் நடத்த முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேம் என்றால் என் தேர்வு அண்டர்டேல். 2015-ல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கியது, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், யாரையும் கொல்லாமலே கடைசி வரை போகலாம். எதிரியை அடித்து லெவல் ஏற்றுவது என்ற பழக்கத்தையே அது கேள்வி கேட்கும், அதனால் இந்த வகையில் மற்றவற்றை விளையாடும்போதும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ஆனால் எதிரியின் முறையில் குண்டுமழைக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித் தப்பிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கை வேகம் வேண்டும்.

அடுத்தது செயின்ட் எக்கோஸ் (Chained Echoes). ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் லிண்டா பெரும்பாலும் தனி ஆளாக வருடக்கணக்கில் உழைத்து 2022 டிசம்பரில் வெளியிட்டது. தொல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அறுத்துப் போட்ட கேம் இது: எதிரிகள் முன்கூட்டியே தெரிவார்கள், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் உயிரும் சக்தியும் முழுதாக நிரம்பிவிடும், அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏற்றும் முறையே கிடையாது, பெரும்பாலும் பெரிய எதிரிகளை வென்றால்தான் புதுத் திறன் கிடைக்கும். அதனால் சுற்றிச் சுற்றி அடிப்பதற்கு அவசியமே இல்லை. ஒவ்வொரு சண்டையும் ஒரு சின்னப் புதிராக இருக்கும், திரையில் ஒரு பட்டை சூடேறிச் சிவப்புக்குப் போகாமல் பச்சையிலேயே வைத்திருக்கப் பார்க்க வேண்டும். கதையில் பெயர்களும் நாடுகளும் கொஞ்சம் அதிகம், ஆரம்பத்தில் குழம்பினால் கவலைப்படாதீர்கள்.

சீ ஆஃப் ஸ்டார்ஸ் (2023) கண்ணுக்கு இவை எல்லாவற்றையும்விட அழகு, க்ரோனோ ட்ரிக்கருக்கு இசையமைத்த யசுனோரி மிட்சுடாவும் இதில் சில பாடல்கள் தந்திருக்கிறார். அடி விழும் நொடியில் பொத்தானை அழுத்தினால் கூடுதல் பலன் என்பதால் கை சும்மா இருக்காது. ஆனால் ஒவ்வொருவருக்கும் மிகச் சில திறன்கள்தான், இருபது மணி நேரம் தாண்டினால் சண்டை ஒரே மாதிரி ஆகிவிடும், நாயகர்கள் இருவரின் பேச்சும் தட்டையாகத்தான் எனக்குப் பட்டது. அழகுக்காகவும் இசைக்காகவும் விளையாடலாம், கதைக்காக என்றால் வேண்டாம்.

ஆக்டோபாத் டிராவலர் (2018) பற்றி எல்லோரும் சொல்வார்கள். எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்துக் கேடயத்தை உடைத்து, சேர்த்து வைத்த வலிமையை ஒரே முறையில் கொட்டும் அந்தச் சண்டைமுறை அபாரம். குறை என்னவென்றால் எட்டுப் பேர், ஆளுக்கு நாலு அத்தியாயம், மொத்தம் முப்பத்திரண்டு, இவர்கள் ஒன்றாகவே பயணம் செய்தாலும் ஒருவர் கதையில் இன்னொருவருக்கு வேலையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சண்டைகளும் இதில் உண்டு, சண்டைக் குழுவில் சேராமல் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அனுபவப் புள்ளியும் சேராது. அப்படியும் ஆசை என்றால் அறிஞரான சைரஸை முதல் ஆளாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் எடுத்தவரை அவர் கதை முடியும் வரை குழுவிலிருந்து நீக்க முடியாது, எப்படியும் கூடவே இருக்கப் போகிறவர் என்றால் அவரே தோது: சண்டை தொடங்கியதும் எதிரியின் பலவீனம் ஒன்றைத் தானாகவே காட்டிவிடுவார், அறிஞர் தொழிலுக்கு உரிய ஒரு துணைத் திறன் சண்டைகள் பாய்வதையும் குறைக்கும். 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சண்டையை இரட்டை வேகத்தில் ஓட்டலாம், ஒருவர் கதையில் இன்னொருவர் சேரும் அத்தியாயங்களும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் என்றால் இரண்டாம் பாகம்தான்.

அசல் பழைய கேம்களையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபைனல் ஃபேண்டசி முதல் ஆறு பாகங்களின் பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பு போதும். ஆறாம் பாகத்தில் தொடங்குங்கள், முதல் பாகத்தில் அல்ல.

முதல் மாலையில் செய்ய வேண்டியது

கதை தொடங்கும் முன் செட்டிங்ஸைத் திறந்து பதினைந்து நிமிடம் செலவழியுங்கள். எழுத்து வேகத்தை அதிகபட்சத்துக்கு வையுங்கள். சண்டை வேகம் இருந்தால் அதையும் ஏற்றுங்கள், 2024-ல் வந்த டிராகன் குவெஸ்ட் 3 மறுபதிப்பில் மூன்று வேகங்கள் உண்டு. பிக்சல் ரீமாஸ்டர் 2023-ல் கன்சோல்களுக்கு வந்தபோது பாயும் சண்டைகளை அணைத்துவைக்கவும், அனுபவப் புள்ளியை நாலு மடங்கு வரை ஏற்றவும் வசதி சேர்த்தார்கள். இதையெல்லாம் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, நாலு மடங்கு வைத்தால் பாஸ் என்ற பெரிய எதிரிகளோடு மோதும் சண்டைகளும் சப்பென்று ஆகிவிடும், இரண்டு மடங்கு சரியான அளவு.

அப்புறம் திரை. பழைய படங்கள் குழாய் டிவிக்காக வரைந்தவை, அதில் புள்ளிகள் லேசாக ஒன்றோடொன்று கரைந்து தெரியும். இன்றைய திரையில் அதே படம் செங்கல் அடுக்கியது போல இருக்கும். டிவிக் கோடுகளைப் போலக் காட்டும் ஃபில்டர் இருந்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 240 வரிப் படத்தை 1080 வரித் திரை முழுக்க இழுத்தால் நாலரை மடங்கு வரும், அரைப் பிக்சலைக் காட்ட முடியாததால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு விளிம்பு வரும், பரவாயில்லை.

விளையாடும்போது

பாஸிடம் தோற்றால் உடனே லெவல் ஏற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் பதில் உங்கள் பையிலேயே இருக்கும். எதிரியின் பலத்தைக் குறைக்கும் மந்திரங்களை யாரும் தொடுவதே இல்லை, அடிக்கிற மந்திரத்திலேயே குறியாக இருப்போம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், அடுத்து கவசத்தையும் மோதிரத்தையும் அந்த எதிரியின் தாக்குதலுக்கு ஏற்ப மாற்றுங்கள், அப்படியும் மூன்று முறை தோற்றால் மட்டும் லெவல். அரிய மருந்துகளைக் கடைசி பாஸுக்கு என்று பதுக்கி வைக்காதீர்கள். நான் ஒரு கேமை முடித்தபோது முப்பதுக்கு மேல் மருந்து மிச்சம் இருந்தது, அதில் பத்தைக் குடித்திருந்தாலே நடுவில் இரண்டு மாலை மிச்சமாகியிருக்கும்.

ஒவ்வொரு நாளும் நிறுத்தும் முன் அடுத்து எங்கே போக வேண்டும், ஏன் என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து வந்து நின்றால் அந்த ஒரு வரி இல்லாமல்தான் பாதிப் பேர் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

முழுதாக முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆக்டோபாத் முதல் பாகத்தில் எட்டுக் கதைகளையும் இணைக்கும் விஷயம் மறைந்திருக்கும் ஒரு வாசலுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே போனால் எட்டு பாஸ்களோடு வரிசையாக மோதி, அதன் பிறகு மிகக் கடுமையான கடைசிச் சண்டை, நடுவில் எங்கும் சேவ் செய்ய முடியாது, கடைசியில் தோற்றால் எட்டையும் திரும்ப அடிக்க வேண்டும். அந்த வாசல் வரை போய்விட்டு, மிச்சத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரின் கதையும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.