புது நாட்டில் முதல் வாரம்: போனில் விபிஎன் டனலைச் சரியாக அமைப்பது எப்படி

புது நாட்டில் இறங்கிய முதல் சில வாரங்கள் இணையத்துக்கு நாம் அடுத்தவர் வைஃபையைத்தான் நம்பியிருக்கிறோம். விமான நிலையம், தற்காலிக அறை, நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு, நூலகம். கடவுச்சீட்டு நகல், வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் எல்லாம் போன் வழியாகப் போய் வருவதும் அதே வாரங்களில்தான். அதனால் சிம் வாங்குவதற்கு முன்பே விபிஎன் டனலை, அதாவது போனிலிருந்து வேறொரு சர்வர் வரை எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் பாதையை, சரிபார்த்துவிடுங்கள் என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் விபிஎன் பயன்படுத்தச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் போகும் நாட்டின் விதியைத் தெரிந்துகொண்டு, அதன்படி முடிவு செய்யுங்கள்.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு வழியே இயங்குவதால், நீங்கள் தட்டும் கடவுச்சொல் ஏற்கெனவே பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை வைஃபை வைத்திருப்பவரால் பார்க்க முடியும். டிஎன்எஸ் கேள்விக்கு (தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்று போன் கேட்பது) தவறான பதில் கொடுத்து, போலித் தளத்துக்குத் திருப்பிவிடவும் முடியும். டனல் அந்த இடைவெளியை அடைக்கிறது, ஆனால் மறுமுனையில் இருக்கும் சர்வர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் எல்லாம் வழக்கம்போல வெளியேதான் போகும். ஆகவே அந்த சர்வர் யாருடையது என்பதுதான் முக்கியமான கேள்வி. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச விபிஎன் ஆப்பைப் போடுவது, வைஃபைக்காரரிடமிருந்து மறைத்ததை இன்னொரு அந்நியர் கையில் கொடுப்பதற்குச் சமம். வீட்டு ரவுட்டரில் நீங்களே அமைத்தது, நீங்களே வாடகைக்கு எடுத்த சிறு சர்வர், நம்பகமான கட்டணச் சேவை, இவற்றில் ஒன்று போதும். வீட்டு ரவுட்டர் என்றால் அதற்குப் பொது ஐபி முகவரி கிடைக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். பல இணைய நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அப்படியிருந்தால் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைய வழி இருக்காது.

இனி வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் இருக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்க்கப்பட்டது. அமைப்பும் சிறியது.

டனலைச் சேர்க்கும்போது பலர் சர்வரில் உருவாக்கிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள். வசதிதான். ஆனால் அந்தக் கோடுக்குள் உங்கள் பிரைவேட் கீயும் (நீங்கள் மட்டுமே வைத்திருக்க வேண்டிய ரகசியச் சாவி) இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வீட்டுச் சாவியைத் தெருவில் வைத்த மாதிரி. போனிலேயே கீ ஜோடியை உருவாக்கி, பப்ளிக் கீயை (வெளியே கொடுக்கக்கூடிய அதன் ஜோடி) மட்டும் சர்வர் பக்கம் அனுப்புவது இன்னும் நல்லது. கீ 44 எழுத்து நீளம், கடைசியில் சமக்குறி இருக்கும். நகல் எடுக்கும்போது அந்தச் சமக்குறி விட்டுப்போகாமல் பாருங்கள். அப்புறம், ஒரு கருவிக்கு ஒரு கீ. ஒரே கீயைப் போனிலும் லேப்டாப்பிலும் போட்டால், கடைசியாகப் பேசிய கருவிக்கே சர்வர் பதில் அனுப்பும். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.

அலவ்டு ஐபிஸ் என்ற இடம் எந்தெந்த முகவரிக்குப் போவது டனல் வழியே போக வேண்டும் என்று சொல்வது; அதில் 0.0.0.0/0, ::/0 என்று இரண்டையும் கொடுங்கள். முதலாவதை மட்டும் கொடுத்தால் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாகப் போவது டனலுக்கு வெளியே கசியலாம். டிஎன்எஸ் இடத்தையும் காலியாக விடாதீர்கள். எண்ட்பாயிண்ட் என்பது சர்வர் முகவரியும் போர்ட்டும் (சர்வரின் வாசல் எண்); போர்ட் வழக்கமாக 51820.

எல்லாம் நிரப்பியாயிற்று, பொத்தானைத் தள்ளியாயிற்று, மேலே சாவிக் குறியும் வந்துவிட்டது. அதை வைத்து டனல் இணைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வயர்கார்டில் அந்தப் பொத்தான் சர்வர் பதில் சொன்னாலும் ஆன் ஆகும், சொல்லாவிட்டாலும் ஆன் ஆகும். கீ தவறு, போர்ட் தவறு, சர்வரே அணைந்திருக்கிறது, எதுவானாலும் பிழைச்செய்தி வராது. தனக்குத் தெரியாத கீக்குப் பதிலே சொல்லாமல் இருப்பது அதன் பாதுகாப்பு முறை. அதனால் டனல் பெயரைத் தொட்டு உள்ளே போய், லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (போனும் சர்வரும் கடைசியாக ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட நேரம்) என்ற வரியைப் பாருங்கள். ஏதாவது ஒரு தளத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தால் சில நொடிகள் முன்பு என்று காட்ட வேண்டும். டேட்டா போய்வரும் வரை ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒருமுறை புது ஹேண்ட்ஷேக் நடந்து, செஷனுக்குப் புதுக் கீ வரும். 3 நிமிடத்தைத் தாண்டிய செஷன் கீ செல்லாது. அந்த வரியே இல்லை என்றால் டனல் இன்னும் இணையவில்லை.

எனக்கு இது நன்றாக உறைத்தது ஒரு ராத்திரியில். விமான நிலைய வைஃபையில் டனல் ஒழுங்காக வேலை செய்தது. அறைக்கு வந்ததும் போன் இன்னும் பழைய நேரத்தையே காட்டுகிறதே என்று, சிம் இல்லாததால் கையாலேயே மணியைப் பின்னுக்குத் தள்ளிவைத்தேன். அதோடு டனல் நின்றது. பொத்தான் ஆனில் இருந்தது, இணையம் இல்லை. டிஎன்எஸ் மாற்றினேன், டனலை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தேன், அறை வைஃபைதான் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் பார்த்தால் தானாகவே இணைந்திருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் போன் ஒரு நேர முத்திரையை அனுப்புகிறது. பழைய செய்தியை யாரோ திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, கடைசியாக வந்த நேரத்தைவிடப் பிந்தியதை மட்டுமே சர்வர் ஏற்கும். நான் நேர மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் பின்னால் தள்ளியதால், போனின் உள்நேரமே பல மணி நேரம் பின்வாங்கிவிட்டது. சர்வர் அதைப் பழைய செய்தி என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க ஓடி, போன் கடிகாரம் அந்தப் பழைய நேரத்தைத் தாண்டியதும் சரியாகிவிட்டது. ஆகவே இறங்கியதும் நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள், மணியைக் கையால் தொடவே வேண்டாம்.

ஹேண்ட்ஷேக் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு. விமான நிலையம், விடுதி மாதிரி இடங்களில் ஒரு உள்நுழைவுப் பக்கம் வரும். டனல் ஆனில் இருந்தால் அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். டனலை அணைத்து, உள்நுழைந்து, உடனே மறுபடி போடுங்கள். சில அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகள் யுடிபி என்ற டேட்டா அனுப்பும் முறையையே தடுத்திருக்கும், வயர்கார்டுக்கோ யுடிபி மட்டும்தான் தெரியும். அந்த மாதிரி இடத்துக்கு டிசிபி 443 (சாதாரண இணையதளங்கள் போகும் வழி) வழியே போகும் ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன்னை மாற்றாக வைத்துக்கொள்ளலாம், அந்த நெட்வொர்க்கின் விதி அனுமதித்தால். மொபைல் டேட்டாவில் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

வீட்டு ரவுட்டரை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே ஐபி மாறினால், எண்ட்பாயிண்டில் எண்ணுக்குப் பதில் பெயர் கொடுத்திருந்தாலும், அந்தப் பெயருக்கு உரிய ஐபியை ஆப் டனலைத் தொடங்கும்போதுதான் தேடிப் பார்க்கும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

டனல் நிலையாக ஓடுகிறது என்று உறுதியானதும், ஆண்ட்ராய்டில் விபிஎன் செட்டிங்ஸில் ஆல்வேஸ்-ஆன் என்பதைப் போடுங்கள். பக்கத்திலேயே, விபிஎன் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று தடுக்கும் இன்னொரு பொத்தான் இருக்கும். நான் அதையும் போட்டிருக்கிறேன். உள்நுழைவுப் பக்கம் வரும்போது தற்காலிகமாக எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஐபோனில் டனலுக்குள்ளேயே ஆன்-டிமாண்ட் உண்டு. வைஃபையில் மட்டும் போடு, இந்த வைஃபையில் வேண்டாம் என்றெல்லாம் சொல்லலாம். சில வங்கிச் செயலிகள் விபிஎன் ஓடினால் திறக்க மறுக்கும். ஆண்ட்ராய்டு ஆப்பில் அவற்றை மட்டும் டனலிலிருந்து விலக்கிவைக்கலாம் (மேலே சொன்ன தடுக்கும் பொத்தான் ஆனில் இருந்தால் விலக்கிய செயலிக்கு இணையமே கிடைக்காது, அப்போது அதை எடுக்க வேண்டியிருக்கும்), ஆனால் அந்தச் செயலிகளை மொபைல் டேட்டாவில் மட்டும் திறங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இன்றே செய்யுங்கள். சர்வரில் உங்கள் போனுக்கு உரிய பியர் (சர்வர் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள பதிவு) எது என்று பெயர் போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் சிம்மை முடக்குவதோடு நிறுத்தாமல், வேறு கருவியிலிருந்து சர்வருக்குள் போய் அந்த ஒரு பியரை நீக்குங்கள். நீக்கிய நொடியிலிருந்து அந்தப் போனில் இருக்கும் கீக்கு சர்வர் பதில் சொல்லாது.