பழைய ஆங்கிலப் பீங்கான்: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஆங்கிலக் கோப்பை கையில் கிடைத்ததும் அதைக் கவிழ்த்து முத்திரையைத் தேடுவதுதான் முதல் தவறு. போலி செய்ய எளிதானது முத்திரைதான். லண்டனில் இருந்த செல்சி பீங்கான் ஆலையின் பொன் நங்கூர முத்திரை மிகச் சிறியது. பெரிதாகப் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். 1845இல் பாரிசில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் செல்சி, வூஸ்டர் ஆலைகளின் பாணிகளை ஏராளமாகப் பிரதி செய்தது. அந்தப் பிரதிகள் பெரும்பாலும் கடினப் பீங்கான், அதாவது கயோலின் களிமண் கலந்து அதிக வெப்பத்தில் சுட்டவை. 18ஆம் நூற்றாண்டுச் செல்சியும் வூஸ்டரும் மென்பீங்கான், அதாவது வேறு கலவையில் குறைந்த வெப்பத்தில் சுட்டவை. இந்த வேறுபாடு தொட்டுப் பழகினால்தான் பிடிபடும். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துப் பாருங்கள்.

முத்திரையில் 1751 என்று இருந்தால் அது வூஸ்டர் ஆலை தொடங்கிய ஆண்டு, கோப்பையின் வயது அல்ல. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அவ்வாண்டு முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் அந்நாட்டுக்கு இறக்குமதியாகும் பொருட்களில் அதைக் கட்டாயமாக்கியது. முத்திரையே இல்லையா? ஒதுக்கிவிடாதீர்கள். நியூ ஹால் போன்ற ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆலைகள் பல பொருட்களில் அலங்காரக் கோலத்தின் எண்ணை மட்டுமே எழுதின. கைப்பிடியின் வளைவே அங்கே நம்பகமான சாட்சி.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. கைப்பிடி இல்லாத சிறு கிண்ணத்தை உடைந்த கோப்பை என்றோ சர்க்கரைக் கிண்ணம் என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். சீனப் பழக்கத்தைப் பின்பற்றி 18ஆம் நூற்றாண்டில் தேநீர் அதில்தான் குடித்தார்கள்; காபிக் கோப்பைக்குத்தான் பெரும்பாலும் கைப்பிடி. ஒரே நேரத்தில் இரண்டையும் பரிமாறாததால் இரண்டுக்கும் ஒரே தட்டு போதுமானதாக இருந்தது. ஆகவே இரண்டு கோப்பைக்கு ஒரு தட்டு என்பது குறைபட்ட தொகுப்பு அல்ல, முழுமையான மூன்று உருப்படித் தொகுப்பு. அதற்கு இரண்டாவது தட்டைத் தேடி வேறு தொகுப்பைப் பிரிப்பது பெரும் அநியாயம்.

விரிசலை அறிய, கோப்பையை உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லத் தட்டுங்கள். ஓசை மந்தமாக இருந்தால் வாங்காதீர்கள். தேநீர்க் குடத்தில் மூக்கின் நுனியும் மூடியும்தான் அதிகம் பழுது பார்க்கப்படும் இடங்கள். புற ஊதா விளக்கில் பிற்காலப் பூச்சு தனியாகத் தெரியும்.

சோப்புக்கல் கலந்த வூஸ்டர் பீங்கான் கொதிநீரைத் தாங்கியதாலேயே பெயர் பெற்றது. அதை நம்பி எல்லா ஆலைகளின் குடங்களிலும் கொதிநீர் ஊற்றாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் பொன்முலாமை அழித்துவிடும். கோப்பைகளைக் கைப்பிடியில் கொக்கி மாட்டித் தொங்கவிடாமல், அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.