பழைய கேமிங் கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசசர் போடலாமா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கேம் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தால் பழி முதலில் ப்ராசசர் மேல்தான் விழுகிறது. 2017-லிருந்து 2020-க்குள் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் உண்மையான காரணம் பல நேரம் வேறாக இருக்கும்: தூசி அடைத்த கூலர், ஒற்றை ரேம், நிரம்பிப்போன கிராபிக்ஸ் கார்டு மெமரி. கடைக்குப் போவதற்கு முன் ஒரு சாயங்காலத்தை இந்தச் சோதனைகளுக்கு ஒதுக்குங்கள். இதில் ப்ராசசர்தான் குற்றவாளி என்று தெரிந்த பிறகு காசை எடுத்தால் போதும்.

படி 1: தூசியும் சூடும்

தை, மாசி அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வீடுகளில் கேபினட்டைத் திறந்தால் வைக்கோல் தூசி கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ரேமின் தங்க நிற முனைகள் மங்கும். ரேமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள்.

பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். ப்ராசசரைப் பொறுத்து 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வந்ததும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தொட்டால், ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று கருதி மாற்றுங்கள். சித்திரை வெயிலில் அளப்பதுதான் சரியான கணக்கு. அறை வெப்பம் 10 டிகிரி ஏறினால் ப்ராசசர் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும். ஆகவே மார்கழியில் 85 காட்டிய கம்ப்யூட்டர் கோடையில் எல்லையை முட்டிவிடும்.

படி 2: ரேம்

சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். சேனல் என்ற இடத்தில் சிங்கிள் என்றோ, புதிய பதிப்புகளில் 1 x 64-bit என்றோ இருந்தால், ரேமின் பாதைகளில் பாதிதான் வேலை செய்கிறது. 8 ஜிபி ஒற்றை ரேமோடு விற்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஏராளம். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டாலே பல கேம்களில் திணறல் குறைந்துவிடும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில் மாட்டுவது வழக்கம்.

அங்கேயே டிரேம் ஃப்ரீக்வன்சியையும் பாருங்கள். காட்டும் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்: 1600 என்றால் 3200. உங்கள் ரேம் 3200 ஆக இருந்தும் 1066 காட்டினால், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி ஆன் செய்யப்படவில்லை. ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர்களில் உள் இணைப்பின் வேகமே ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால், காசில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 3: தடை எங்கே இருக்கிறது

முடிவைத் தீர்மானிக்கும் சோதனை இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை, அதோடு வரும் ரிவாடியூனரையும் சேர்த்து நிறுவுங்கள். திரையில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு, வீடியோ மெமரி, ப்ராசசரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஆகியவை தெரியும்படி வையுங்கள். கேமில் வி-சிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டும் செட்டிங்) எஃப்பிஎஸ் வரம்பையும் எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் ஜிபியு சும்மா இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். கேம் எங்கே அதிகம் திணறுகிறதோ அந்த இடத்திலேயே பத்து நிமிடம் ஆடுங்கள்.

ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கிராபிக்ஸ் கார்டு. புது ப்ராசசர் போட்டாலும் அங்கே பெரிதாக எதுவும் மாறாது. ஜிபியு 60, 70-ல் தொங்க, ஏதோ ஒரு கோர் 90-ஐத் தாண்டினால் ப்ராசசர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்ப வேண்டாம். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில்தான் ஓடும். 6 கோர் ப்ராசசரில் மொத்தம் 45 சதவீதம் என்று காட்டும்போதே அந்தக் கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம்.

இப்போது ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடி ஆடுங்கள். எஃப்பிஎஸ் தாவி ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசசர் அல்லது ரேம். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்கள் ப்ராசசரைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன.

புது இடத்துக்கு நகரும்போது மட்டும் நின்று நின்று ஓடினால் கேம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்கு மாற்றுவது அதற்கு மருந்து. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், கேம் சீராக 80 எஃப்பிஎஸ் தருகிறது என்றால் புது ப்ராசசர் வாங்குவது வீண்செலவு.

படி 4: போர்டு எதை ஏற்கும்

சிபியு-இசட்டின் மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்தப் போர்டுக்கான சிபியு பட்டியலைத் திறங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

ரைசனுக்கான ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசர் அமரும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல காலம். 2017-ல் ரைசன் 5 1600 போட்ட பி350 (போர்டின் சிப்செட் வகை) போர்டுகள் பலவும், ஏ320 போர்டுகளில் பலவும், 2022-க்குப் பின் வந்த பயாஸோடு ரைசன் 5000 வரிசையை ஏற்கின்றன.

இன்டெலில் பொறி உண்டு. 6, 7, 8, 9 ஆகிய நான்கு தலைமுறைகளின் சாக்கெட்டுக்கும் 1151 என்றுதான் பெயர். ஆனால் எச்110, பி250 போர்டில் 8, 9-ஆம் தலைமுறை ஓடாது. எச்310, பி360 போர்டில் ஐ5 8400 இருந்தால் ஐ7 9700 வரை போகலாம், பயாஸைப் புதுப்பித்து.

படி 5: எந்த ப்ராசசர்

ஏஎம்4-க்கு ரைசன் 5 5600 போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 65 வாட், 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி). பெயர் ஒத்திருக்கும் 5500-இலும் 5600ஜி-யிலும் கேஷ் 16 எம்பிதான். கேமில் அந்த வித்தியாசம் தெரியும். 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி கேமிங்குக்கு மிகச் சிறந்தவை. ஆனால் அவை 105 வாட். ப்ராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதிமேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில், அதுவும் நம் ஊர் வெயிலில், அவற்றைப் போட வேண்டாம்.

ரைசன் 3 2200ஜி-யை உள் கிராபிக்ஸோடு ஓட்டுபவர்கள் கவனியுங்கள்: 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாவிட்டால் திரையில் படமே வராது.

இன்டெல் 4, 6, 7-ஆம் தலைமுறையில் இருப்பவர்கள் அதே போர்டுக்குப் பழைய ஐ7 தேடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ன் ப்ராசசர் பட்டியலில் அந்தத் தலைமுறைகள் பொதுவாக இல்லை. டிடிஆர்4 வகை ரேம் ஏற்கெனவே இருந்தால், டிடிஆர்4 ஏற்கும் எச்610 அல்லது பி660 போர்டும் ஐ3 12100எஃப் அல்லது ஐ5 12400எஃப்-உம் வாங்குங்கள். ரேமுக்குத் தனியாகச் செலவு இருக்காது. ஏஎம்4-க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 கட்டாயம்.

படி 6: பயாஸ், பழைய ப்ராசசர் இருக்கும்போதே

புது ப்ராசசரை மாட்டிவிட்டுப் பயாஸ் மாற்ற நினைத்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலே போகலாம். முதலில் பயாஸ், பிறகுதான் ப்ராசசர். எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்த பென்டிரைவில், போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய பயாஸ் கோப்பை வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே புதுப்பியுங்கள். சில போர்டுகளில் இடையில் ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். பதிப்புக்குக் கீழே உள்ள குறிப்பை முழுதாகப் படியுங்கள்.

பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும், ஐப்பசி இடிமழையிலும் இதைத் தொடாதீர்கள். யூபிஎஸ் இருக்கிறது என்று மட்டும் நம்பாமல், விண்டோஸ் சும்மா திறந்திருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய பேட்டரி நொடியில் கைவிடும். வீட்டு இன்வெர்ட்டராக இருந்தால் யூபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லையென்றால் மாறும் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பயாஸ் புதுப்பித்தாலும் ப்ராசசர் மாற்றினாலும் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

படி 7: மாற்றுதல்

ஏஎம்4-ல் கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்டோடு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்து, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகிப் பிறகு தூக்குங்கள். சாக்கெட்டின் நெம்புகோலை உயர்த்தி, முக்கோண அடையாளத்தைப் பொருத்தி வைத்தால் ப்ராசசர் தானே அமரும். அழுத்தவே கூடாது. பேஸ்ட் பட்டாணி அளவு போதும். கூலர் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் செருகுங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்-ஐ (ப்ராசசருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று ரைசன் போர்டு கேட்கலாம். பிட்லாக்கர் சாவி கையில் இருந்தால் ஒய் அழுத்துங்கள். பயாஸ் புதுப்பித்ததில் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும், மறுபடி ஆன் செய்யுங்கள். பிறகு படி 3-ல் ஆடிய அதே இடத்தில் அதே செட்டிங்கில் ஆடி, எஃப்பிஎஸ்ஸை ஒப்பிடுங்கள். பழைய ப்ராசசரை ஒரு மாதம் விற்காமல் வைத்திருங்கள். புதியதில் கோளாறு என்றால் போர்டா, ப்ராசசரா என்று பிரித்துச் சோதிக்க அது வேண்டும். மாற்றுவதற்கு முன், புதுப்பித்த பயாஸின் குறிப்பில் பழைய ப்ராசசருக்கான ஆதரவு நீக்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.